நிறுத்திப் பார்த்து வாங்குங்கள்

(கொக்குவிலில் இளைஞர்களும் பெற்றோரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



உங்களில் பல பேருடைய வீட்டில் இந்த நாட்களில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கும். உயர்தரப் பரீட்சை முடிந்துவிட்டது. பிள்ளைக்கு 18 வயதாகிவிட்டது. பிள்ளை மோட்டார் சைக்கிள் கேட்கிறது. தாய் வேண்டாம் என்கிறார். தகப்பன் வாய் திறக்காமல் இருக்கிறார். கனடாவிலிருக்கும் மாமா, "காசு நான் அனுப்புறன், நல்லதாப் பார்த்து எடு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். எது நல்லது? முதன்முதலாகக் கைப்பிடி பிடிக்கப் போகும் பிள்ளைக்கு எந்த வண்டி நல்லது? இன்றைய என்னுடைய பேச்சு அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

வண்டியே வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இந்த நாட்டில் பதிவு செய்யப்பட்ட வாகனங்களில் பாதிக்கும் மேல் மோட்டார் சைக்கிள்தான். காலை ஏழரை மணிக்குக் காங்கேசன்துறை வீதியில் போய் நின்று பாருங்கள். ஆசிரியை போகிறார், தாதி போகிறார், மேசன் போகிறார், வங்கி எழுதுநர் போகிறார், பிள்ளையை முன்னுக்கும் மனைவியைப் பின்னுக்கும் இருத்திக்கொண்டு ஒரு குடும்பமே போகிறது. ஆகவே வாங்கத்தான் போகிறோம். எதைப் பார்த்து வாங்கப் போகிறோம்?

வண்டி வாங்கப் போகிற பிள்ளை என்ன கேட்கிறது? எத்தனை சீசீ? எவ்வளவு வேகம் போகும்? என்ன நிறம்? சைலன்சர் என்ன சத்தம் போடும்? எல்லாம் ஓடுவதைப் பற்றிய கேள்விகள். தம்பிமாரே, தங்கைமாரே, ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு விற்கிற எந்த வண்டியும் உங்களுக்குத் தேவையானதைவிட வேகமாகவே ஓடும். அது எப்படி நிற்கும்? நீங்கள் நினைத்த இடத்தில், நினைத்த கணத்தில், அதை உங்களால் நிறுத்த முடியுமா? முதல் வண்டிக்கு நான் வைக்கும் சோதனை இது ஒன்றுதான்.

ஏன் இப்படிச் சொல்கிறேன்? நாம் ஓடுகிற இடத்தைப் பாருங்கள். கொக்குவில் என்பது ஒழுங்கைகளின் ஊர். காங்கேசன்துறை வீதியிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் மதில். ஆளுயர மதில். மூலைக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று மூலை திரும்பும்வரை தெரியாது. ஒரு கிழவர் சைக்கிளில் வருவார். ஒரு மாடு குறுக்கே நிற்கும். சின்னப்பிள்ளை பந்துக்குப் பின்னால் ஓடிவரும். ஆடியபாதம் வீதியால் திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போனால், வெங்காய மூட்டையோடு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் ஒன்று எந்தச் சைகையும் காட்டாமல் திரும்பும். இது போதாதென்று எங்கள் ஊரை ஊடறுத்து ரயில் பாதை போகிறது. 1990இல் நின்றுபோன யாழ்தேவி ரயில் 2014 ஒக்ரோபரில் திரும்பி யாழ்ப்பாணம் வந்தது. அடுத்த ஆண்டு ஜனவரியில் காங்கேசன்துறை வரைக்கும் போனது. கால் நூற்றாண்டாகத் தண்டவாளமே இல்லாத ஊரில் வளர்ந்த ஒரு தலைமுறைக்கு, கடவையில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கும் பழக்கமே இல்லாமல் போயிருந்தது. மழைக்காலத்தில் நனைந்த தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்தால் சக்கரம் வழுக்கும். நேர்குத்தாகத்தான் கடக்க வேண்டும். கார்த்திகை மாதத்தில் எங்கள் செம்பாட்டு மண் தோட்டங்களிலிருந்து உழவு இயந்திரங்களின் ரயரில் ஒட்டிக்கொண்டு வந்து தார் வீதியில் படியும். ஒரு தூறல் விழுந்தால் போதும், அந்த இடம் சவர்க்காரம் பூசியது போலாகிவிடும்.

இந்த வீதிகளில் எண்பதில் ஓடக்கூடிய இடம் எங்கே இருக்கிறது? சொல்லுங்கள், எங்கே இருக்கிறது? கொக்குவில் சந்தியிலிருந்து யாழ்ப்பாண நகரம் ஒரு சில கிலோமீற்றர். நாற்பதில் போனாலும் அறுபதில் போனாலும் நீங்கள் மிச்சம் பிடிக்கப்போவது இரண்டு நிமிடம். கணக்கின் மறுபக்கத்தையும் பார்ப்போம். நாற்பதில் போகும் வண்டி ஒரு செக்கனில் 11 மீற்றர் கடக்கிறது. எண்பதில் போவது 22 மீற்றர். மாட்டைக் கண்டு, மூளை உணர்ந்து, கை பிரேக்குக்குப் போவதற்கே ஒரு செக்கன் போய்விடும். அதற்குப் பிறகு பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்காகக் கூடுவதில்லை. வேகம் இரட்டித்தால் அந்தத் தூரம் நான்கு மடங்காகும். பௌதிகம் படித்த பிள்ளைகள் இங்கே இருக்கிறீர்கள். இயக்கசக்தி வேகத்தின் வர்க்கத்தோடு கூடும் என்று பரீட்சையில் எழுதிவிட்டு வந்திருக்கிறீர்கள். எழுதியதை ஒழுங்கையில் மறக்கலாமா?

இனி, அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைச் சொல்லப் போகிறேன். கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள், ஏனென்றால் இந்தப் பேச்சில் நான் மிகவும் முக்கியமாக நினைப்பது இதுதான். தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஹரி ஹர்ட் என்ற பேராசிரியரின் குழு லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, 1981இல் அறிக்கை வெளியிட்டது. விபத்து நடந்த இடத்துக்கே போய், ரயர் தேய்ந்த தடத்தை அளந்து, உடைந்த துண்டுகளை எடுத்துப் பார்த்து எழுதிய அறிக்கை. அவர்கள் என்ன கண்டார்கள்? ஆபத்தைக் கண்டதிலிருந்து மோதும்வரை ஓட்டுபவருக்குக் கிடைத்த நேரம் பெரும்பாலும் இரண்டு செக்கனுக்கும் குறைவு. இரண்டே செக்கன்! அந்த இரண்டு செக்கனில் பலர் என்ன செய்தார்கள்? பின் பிரேக்கை அடித்து மிதித்துச் சக்கரத்தை இழுபட விட்டார்கள். முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை.

இன்னொன்றையும் கண்டார்கள். விபத்தில் சிக்கியவர்கள் எல்லோரும் புதிதாக ஓடப் பழகியவர்களா? இல்லை. சராசரியாக ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் வீதியில் ஓடியவர்கள். ஆனால், பாதிக்கும் மேற்பட்டவர்கள் விபத்துக்குள்ளான அந்தக் குறிப்பிட்ட வண்டியை ஐந்து மாதம்கூட ஓடியிருக்கவில்லை. விளங்குகிறதா? மூன்று வருட அனுபவம் இருந்தும், கைக்குப் பழகாத வண்டி அவர்களைக் கைவிட்டது. அப்படியானால் அனுபவமும் இல்லாத, வண்டியும் புதிதான, 18 வயதுப் பிள்ளையின் முதல் ஐந்து மாதங்கள் எப்படிப்பட்டவை? தாய்மாரே, நீங்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்போது படும் பயம் வீண் பயமில்லை. அந்த ஐந்து மாதத்தைச் சேதமில்லாமல் கடப்பதற்கு எந்த வண்டி உதவும் என்பதுதான் நாம் பார்க்க வேண்டியது.

என் விடை இது. முதல் வண்டி சின்னதாக இருக்கட்டும். பாரம் குறைந்ததாக இருக்கட்டும். நூறு, நூற்றிப்பத்து சீசீக்குள் இருக்கட்டும்.

ஒரு ஸ்ப்ளெண்டரை எடுங்கள். 97 சீசீ. பாரம் ஏறக்குறைய 112 கிலோ. சீட் நிலத்திலிருந்து 785 மில்லிமீற்றர் உயரம். எட்டுக் குதிரை வலு. பக்கத்தில் ஒரு பல்சர் என்எஸ் 200ஐ நிறுத்துங்கள். பாரம் 150 கிலோவுக்கு மேல். சீட் 805 மில்லிமீற்றர். வலு 24 குதிரைகள். இரண்டுக்கும் இடையில் ஏறக்குறைய நாற்பது கிலோ வித்தியாசம். ஓடும்போது அந்த நாற்பது கிலோ தெரியாது; அதுதான் மாயம். நிற்கும்போது தெரியும். ஒழுங்கை மூலையில் மாட்டுக்காகச் சட்டென்று நிறுத்தி, ஒரு கால் மணலில் வழுக்கி, வண்டி ஒரு பக்கம் சாயும்போது தெரியும். பின்னால் அம்மாவும் இருந்தால் இன்னும் நன்றாகத் தெரியும். கடையில் ஏறி இருந்து பாருங்கள். இரண்டு பாதமும் நிலத்தில் நன்றாகப் பதிகின்றனவா? நுனிவிரல் மட்டும்தான் படுகிறதா? நுனிவிரல் மட்டும் பட்டால் அந்த வண்டி இன்றைக்கு உங்களுடையதில்லை. விற்பவர் "பழகப் பழகச் சரிவரும்" என்பார். பழகும்வரை யார் தாங்கிப் பிடிப்பது? இறங்கி நின்று, எஞ்சினை நிறுத்தி, வண்டியைத் தள்ளிக்கொண்டு உங்கள் வீட்டுப் படலைக்குள் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். அதற்கே மூச்சு வாங்கினால் விடை தெரிந்துவிடும்.

எங்கள் நாட்டுச் சட்டம்கூட இந்த நூறு சீசீயில் ஒரு கோடு கீறியிருக்கிறது. நூறு சீசீக்கு மேற்படாத வண்டிக்கு ஏ1 வகுப்பு, அதற்கு மேல் ஏ வகுப்பு என்று சாரதி அனுமதிப்பத்திரத்தில் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். பிரித்தானியாவில் இது படிப்படியான ஏணி: 17 வயதில் 125 சீசீ வரை, 19 வயதில் நடுத்தர வலு, முழு வலுவுள்ள வண்டிக்கு நேரடியாகப் பரீட்சைக்குத் தோற்ற 24 வயதாக வேண்டும். லண்டனிலிருக்கும் உங்கள் மைத்துனனுக்குச் சட்டம் மறுப்பதை, ஒழுங்கையில் ஓடப்போகும் உங்களுக்கு வாங்கித் தருவது அன்பாகுமா?

இந்த இடத்தில் பின்வரிசையில் ஒரு முணுமுணுப்புக் கேட்கிறது. சின்ன வண்டி என்றால் மானக்கேடு என்ற எண்ணம். தம்பி, உங்கள் அப்பாவின் காலத்தைக் கேட்டுப் பாருங்கள். யாழ்ப்பாணத்து வீதிகளை ஆண்டது எது? ஹொண்டா எம்டி 90. ஜப்பானியத் தபால்காரர்களுக்காகச் செய்த சிவப்பு நிற வண்டி, 90 சீசீ. அதற்கு முன்னால் சீ 50, சீ 70, சீ 90. பெண்களுக்குச் சாலி. இவற்றுக்கெல்லாம் மூத்தது 1958இல் வந்த ஹொண்டா சூப்பர் கப். கடையிலிருந்து நூடில்ஸ் கொண்டுபோகும் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டு மற்றக் கையால் ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்று சொயிசிரோ ஹொண்டா சொன்னாராம். அதற்காகத்தான் கிளச் பிடி இல்லாமல் செய்தார்கள். 2017இல் அந்த வகை வண்டி பத்துக் கோடியைத் தொட்டது. உலகத்தில் வேறெந்த மோட்டார் வாகனமும் அவ்வளவு செய்யப்படவில்லை. அதில் என்ன மானக்கேடு?

எங்கள் மண்ணில் அந்தச் சின்ன எஞ்சின்கள் செய்த சேவையை நான் இங்கே சொல்லாமல் போகக்கூடாது. தொண்ணூறுகளில் போர்க்காலப் பொருளாதாரத் தடை. பெற்றோல் கிடையாது, கிடைத்தாலும் சோடாப் போத்தலில், தொட முடியாத விலைக்கு. என்ன செய்தார்கள் எங்கள் ஆட்கள்? மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் குளிர்ந்த எஞ்சினில் ஆவியாகாது, ஆகவே ஸ்டார்ட் வராது. சின்னப் போத்தலொன்றில் பெற்றோல் வைத்துக்கொண்டு, கார்பரேற்றருக்குச் சில துளி விட்டு, உதைத்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். புகை கண்ணைக் கரிக்கும். பிளக்கில் கரி பிடிக்கும். கழற்றித் தேய்த்து மறுபடி பூட்டுவார்கள். அந்தக் கொடுமையையெல்லாம் தாங்கி ஓடியது அந்தச் சின்ன, எளிய எஞ்சின். நோயாளியைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அது. பரீட்சைக்குப் பிள்ளையைக் கொண்டுபோனது அது.

பழைய கதை என்று நினைக்கிறீர்களா? 2022ஐ மறந்துவிட்டீர்களா? ஜூன் மாத முடிவில் பெற்றோல் லீற்றர் 470 ரூபா. ஜூலையில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். நல்ல நிலையிலிருக்கும் நூறு சீசீ வண்டி லீற்றருக்கு அறுபது கிலோமீற்றர் ஓடும் என்று வைத்தால், அந்த நாலு லீற்றரில் கிழமைக்கு 240 கிலோமீற்றர். முப்பத்தைந்து ஓடும் பெரிய வண்டிக்கு 140. சின்ன வண்டி வைத்திருந்தவர்கள் வேலைக்குப் போனார்கள். பெரிய வண்டி வைத்திருந்தவர்களில் பலர் அதை விறாந்தையில் நிறுத்திவிட்டுச் சைக்கிளைத் தேடினார்கள்.

நியாயமான மறுப்பொன்று இருக்கிறது. அதையும் சொல்லிவிட வேண்டும். ஒவ்வொரு நாளும் கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய்வரும் பிள்ளைக்கு நூறு சீசீ போதுமா? ஆனையிறவில் காற்று குறுக்கே அடிக்கும். பாரம் குறைந்த வண்டியை ஒரு முழம் தள்ளிவிடும். பண்ணைப் பாலத்தால் தீவுப்பக்கம் போகிறவர்களுக்கும் இது தெரியும். பின்னால் பேருந்து நெருக்கும். உண்மைதான். அப்படி நீண்ட தூரம் ஓட வேண்டியவருக்கு 125 சீசீ நல்லது என்று நானும் சொல்வேன். ஆனால் அவர்கூட முதல் ஆறு மாதம் ஊருக்குள் சின்ன வண்டியில் பழகிவிட்டு, கிளிநொச்சிக்குப் பேருந்தில் போய்வந்தால் என்ன குறைந்துவிடும்?

இனிக் காசைப் பற்றிப் பேசுவோம். காசைப் பேசாமல் வண்டியைப் பேச முடியாது. 2009இல் போர் முடிந்த பிறகு ஏ9 வீதியால் எங்களிடம் என்னவெல்லாம் வந்தது? நிதி நிறுவனங்கள் வந்தன. வீதிக்கு வீதி லீசிங் கடை. முற்பணம் கொஞ்சம், மிச்சம் மாதாமாதம். வேலையில்லாத பிள்ளைக்குப் புதுப் பல்சர். மாதக் காசு கட்டுவது தாயின் தையல் மெசின். மூன்று மாதம் கட்டத் தவறினால் வீட்டு வாசலில் ஆட்கள் வந்து நிற்பார்கள். கடைசித் தவணை கட்டும்வரை அந்த வண்டி உங்களுடையது இல்லை என்பதை ஞாபகம் வைத்திருங்கள். புத்தகத்தில் முழு உரிமையாளராக நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். நான் சொல்லும் சோதனை இங்கேயும் பொருந்துகிறது. ஓட்டத்தை நிறுத்துவது போலச் செலவையும் உங்களால் நிறுத்த முடியுமா? ஒரு மாதம் வேலை போனால் வண்டியை நிறுத்திவைத்துவிட்டு நிம்மதியாகப் படுக்க முடியுமா? கைக்காசுக்கு வாங்கிய பழைய வண்டியென்றால் முடியும்.

பழைய வண்டி விலை கூடிவிட்டது, எனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025இல்தான் மறுபடி திறந்தார்கள். இடையில் பழைய வண்டிகள், முன்னர் புதுசு விற்ற விலையைத் தாண்டிப் போயின. அப்படி இருந்தும் முதல் வண்டி பழையதாக இருப்பதே நல்லது என்று நான் நினைக்கிறேன். பழகும் பிள்ளை ஒருதரமாவது விழுத்தும். பழைய வண்டியில் ஒரு கீறல் விழுந்தால் யாரும் அழப்போவதில்லை.

பழையது வாங்கப் போகும்போது விடியப் போங்கள். முன்கூட்டியே எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சின் முதல் உதையில் எப்படிப் பதில் சொல்கிறது என்று பாருங்கள். நீலப் புகை வந்தால் உள்ளே எண்ணெய் எரிகிறது; எஞ்சின் வேலை காத்திருக்கிறது. முன் ஃபோர்க் குழாயில் விரலை வைத்துத் தடவுங்கள், எண்ணெய் ஒட்டினால் சீல் போய்விட்டது. ரயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2321 என்றிருந்தால் 2021ஆம் ஆண்டு இருபத்துமூன்றாவது கிழமையில் செய்தது என்று அர்த்தம். பூ நன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். பத்து வருடப் பழைய ரயர் கல்லாக இறுகி, மழையில் பிடிக்காது. வண்டியை நண்பன் ஒருவன் ஓட்ட, நீங்கள் பின்னால் போங்கள். முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே கோட்டில் போகின்றனவா? கோணலாகப் போனால் அது எங்கோ பலமாக அடிபட்ட வண்டி. பிறகு புத்தகத்தை வாங்கி, செசி இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் வண்டியில் இருப்பதோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர் மாற்றாமல் வெறும் கையெழுத்துக் கடதாசியோடு கைமாறிக் கைமாறி வந்த வண்டிகள் இங்கே ஏராளம். எங்கள் பகுதியில் வாள்வெட்டுக்கு வந்தவர்கள் எதில் வந்தார்கள்? இரவில் நாலைந்து மோட்டார் சைக்கிள் சேர்ந்து வரும் சத்தம் கேட்டால் படலையைப் பூட்டும் தாய்மார் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். உங்கள் வண்டிக்கு முன்னர் யார் கையில் என்ன வேலை இருந்தது என்று தெரியாமல் வாங்காதீர்கள். வாங்கியவுடன் பெயரை மாற்றுங்கள்; வரிப் பத்திரமும் காப்புறுதியும் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

தலைக்கவசத்துக்கு வருகிறேன். பொலிசுக்காக அணிகிறார்கள், தாடைப் பட்டி போடாமல். சந்தி தாண்டியதும் கழற்றிக் கையில் கொழுவுகிறார்கள். ஒரு கதை சொல்லட்டுமா? அரேபிய லோரன்ஸ் என்று உலகம் கொண்டாடிய ஆங்கிலேயர் ஒருவர் இருந்தார். மோட்டார் சைக்கிளில் பெரும் பித்து. அந்தக் காலத்தின் மிக விலை உயர்ந்த, மிக வேகமான புரூ சுப்பீரியர் வண்டிகளைத்தான் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்திருந்தார். அனுபவத்துக்குக் குறைவில்லை. 1935 மே 13ஆம் திகதி, ஒரு நாட்டுப்புற வீதியில், பள்ளத்துக்குள் மறைந்திருந்த இரண்டு பையன்கள் திடீரெனக் கண்ணில் பட்டார்கள். சைக்கிளில் போய்க்கொண்டிருந்த பையன்கள். அவர்களைத் தவிர்க்க விலக்கினார், தூக்கி எறியப்பட்டார், தலையில் கவசமில்லை. ஆறாம் நாள் உயிர் போனது. வயது 46. சைக்கிளில் போகும் இரண்டு பிள்ளைகள், முன்னால் இருப்பது தெரியாத வீதி. இது எங்கள் ஒழுங்கைகளில் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விடும் நேரத்துக் காட்சியில்லையா?

லோரன்ஸைப் பார்த்த மருத்துவர்களில் ஹியூ கெயர்ன்ஸ் என்ற இளம் மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவர் இருந்தார். அந்தச் சாவு அவர் மனதை விட்டு அகலவில்லை. போர்க்காலத்தில் இராணுவச் செய்தி கொண்டுபோகும் மோட்டார் சைக்கிள்காரரின் தலைக்காயங்களை ஆராய்ந்து, 1941இல் கட்டுரை எழுதினார். தலைக்கவசம் உயிர் காக்கிறது என்று மருத்துவ உலகம் பேசத் தொடங்கியதற்கு அவருடைய அந்த உழைப்பு பெரிய காரணம். இன்றைக்கு உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள்: கவசம் அணிந்தால் சாவு ஆபத்து 42 வீதமும் தலைக்காய ஆபத்து 69 வீதமும் குறைகிறது. ஆகவே வண்டிக்கு ஒதுக்கிய காசில் முதலில் தலைக்கவசத்தின் விலையை எடுத்து ஒரு பக்கம் வையுங்கள். ஓட்டுபவருக்கு ஒன்று, பின்னால் இருப்பவருக்கு ஒன்று. போட்டுப் பாருங்கள், தலையை ஆட்டிப் பாருங்கள்; கவசம் தனியாக ஆடினால் அளவு பெரிது. மிச்சக் காசுக்கு எந்த வண்டி வருமோ அதுதான் உங்களுக்குக் கட்டுப்படியான வண்டி. பெற்றோரே, அனுமதிப்பத்திரம் கைக்கு வரும்வரை சாவியை நீங்களே வைத்திருங்கள். பத்திரம் இல்லாத பிள்ளை விபத்துக்குள்ளானால் காப்புறுதியும் துணைக்கு வராது.

பிரேக்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் இறங்க மாட்டேன். "முன் பிரேக் பிடிக்காதே, தூக்கிப் போடும்" என்று எங்களுக்குச் சொல்லித் தந்து வளர்த்துவிட்டார்கள். இந்தப் பயம் பல உயிரைக் குடித்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குச் சாய்கிறது. ஆகவே நிறுத்தும் வேலையில் பெரும் பங்கு முன் சக்கரத்துடையது. தூக்கிப் போடுவது, வளைவில் சரிந்திருக்கும்போதோ மணலிலோ அதைத் திடீரென்று இறுக்கினால்தான். நேராக நின்று, இரண்டு பிரேக்கையும் சேர்த்து, மெல்லத் தொடங்கி இறுக்கிக்கொண்டே போக வேண்டும். இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் சின்ன வண்டிகளில் இரண்டு பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாட்டையும், 125 சீசீக்கு மேற்பட்டவற்றில் சக்கரம் இறுகிப்போகாமல் காக்கும் ஏபிஎஸ்ஸையும் கட்டாயமாக்கிவிட்டார்கள். இரண்டு வண்டிக்கு இடையில் மனம் ஊசலாடினால், அந்த ஏற்பாடு உள்ளதை எடுங்கள். வெள்ளத்துக்குள்ளால் போய் வந்தால் டிரம் பிரேக் நனைந்து பிடிக்காது. மெதுவாகப் போய்க்கொண்டே இலேசாக அழுத்தி அழுத்தி அதைக் காயவிடுங்கள்.

ஞாயிறு விடியற்காலையில் ஒரு வெறும் மைதானத்துக்குப் போங்கள். ஒரு கல்லை அடையாளம் வையுங்கள். இருபதில் வந்து, கல்லுக்குப் பக்கத்தில் பிரேக்கைத் தொட்டு, எவ்வளவு தூரத்தில் நிற்கிறீர்கள் என்று காலடியால் அளந்து பாருங்கள். பிறகு முப்பது. பிறகு நாற்பது. பிறகு பின்னால் ஒருவரை இருத்திக்கொண்டு மறுபடி இருபது. கை தானாகப் பிடிக்கும்வரை செய்யுங்கள். அந்த இரண்டு செக்கனில் மூளைக்கு யோசிக்க நேரமிராது.

கடைசியாகத் தங்கைமாருக்கு. பெரும்பாலான வீடுகளில் வண்டி தெரிவு செய்யும்போது உங்களை யாரும் கேட்பதில்லை. அண்ணன் விரும்பியதை எடுக்கிறார்கள். அண்ணன் வெளிநாடு போன பிறகு அது உங்கள் தலையில் விழுகிறது. அல்லது "பொம்பிளைப் பிள்ளைக்கு இது போதும்" என்று அப்பா ஒரு ஸ்கூட்டியைக் கொண்டுவந்து நிறுத்துகிறார். ஸ்கூட்டி பெப் போன்றவை 95 கிலோவுக்குள். கியர் இல்லை, கிளச் இல்லை, இரண்டு பிரேக்கும் கையில். பழகுவதற்கு அருமையானவை, ஆண்பிள்ளைகளுக்கும் நான் அதைத்தான் சொல்வேன். ஆனால் அதன் சக்கரம் சின்னது. கிடங்கில் சட்டென்று உள்ளே இறங்கும். உங்கள் ஒழுங்கை கிடங்கும் கல்லுமாக இருந்தால் பெரிய சக்கரமுள்ள சின்ன வண்டி உங்களுக்கு நல்லது. அதை நீங்கள் ஏறி இருந்து, தள்ளிப் பார்த்து, ஓடி நிறுத்திப் பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்பாவால் சொல்ல முடியாது. சேலையோ துப்பட்டாவோ அணிந்து பின்னால் இருப்பவருக்குச் சக்கரத்தின் பக்கம் வலைக்காப்பு இருக்கிறதா என்பதையும் நீங்கள்தான் பார்ப்பீர்கள், ஆண்கள் பார்ப்பதில்லை.

என்னுடைய நேரம் முடிகிறது. தலைவர் அவர்கள் கேள்விகளுக்கு அரைமணி நேரம் தந்திருக்கிறார். வழமை போல ஆண்கள் பக்கத்திலிருந்து தொடங்க வேண்டாம். மூன்றாம் வரிசையில் கொப்பியோடு இருந்து எழுதிக்கொண்டிருந்த தங்கை, நீங்கள் எழும்பி முதலாவது கேள்வியைக் கேளுங்கள்.